‘அடுத்த யூடி எப்போ?’: ரசிகப் புனைவின் பின்கட்டில் ஓர் உலா

லக்கல பக்கம் போனால், நக்கிள்ஸ் மலைத்தொடரில் செங்குத்தாக எழுந்து நிற்கும் லக்கேகல சிகரத்தைக் காட்டி ஒரு கதை சொல்வார்கள். இராவணன் தன்னுடைய தண்டு மொனரவில் ஏறிப் பறந்தது அந்த மலையிலிருந்துதானாம். மயில் வடிவத்தில் மரத்தால் செய்த பறக்கும் ஊர்தி அது. சரி, வால்மீகியைப் புரட்டிப் பாருங்கள். அவர் இராவணனுக்குக் கொடுத்த விமானம், அண்ணன் குபேரனிடமிருந்து பறித்துக்கொண்ட புஷ்பகம். மரமயிலும் அங்கே இல்லை, மாத்தளை மாவட்டத்து மலையும் இல்லை. அப்படியானால் அந்த மயிலுக்குச் சிறகு பூட்டியவர்கள் யார்?

கதை கேட்டவர்கள்! கேட்டு முடிந்த பிறகும் எழுந்துபோக மனம் வராதவர்கள். விமானம் பார்க்க எப்படி இருந்தது, அதை எங்கே நிறுத்தி வைத்தான், எந்த மலையிலிருந்து கிளம்பினான் என்று கேட்டுக் கேட்டு, பதில் கிடைக்காத இடத்தில் தாங்களே பதிலை உண்டாக்கியவர்கள். சொன்னவர் நிறுத்திய இடத்தில் கேட்டவர் தொடங்குகிறார். 2019 ஜூன் 17ஆம் திகதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து இலங்கையின் முதல் செய்மதி சுற்றுப்பாதையில் விடப்பட்டபோது அதற்கு வைத்திருந்த பெயர் ‘இராவணா-1’. ஒரு கதையின் மீது வைத்த ஆசை எவ்வளவு உயரம் போகும், பாருங்கள்!

அதே ஆசை இன்று கைபேசிக்குள் குடியிருக்கிறது. பிடித்த நாவலின், படத்தின், தொடரின் மாந்தர்களை எடுத்து, மூல ஆசிரியர் எழுதாத காட்சிகளை ரசிகர்களே எழுதுகிறார்கள், ரசிகர்களே வாசிக்கிறார்கள். ஃபேன் ஃபிக்ஷன், செல்லமாக ஃபிக், தமிழில் ரசிகப் புனைவு. வெளியே இருப்பவர்கள் இதைப் பற்றி வரைந்து வைத்திருக்கும் படங்களும் உள்ளே இருப்பவர்கள் அந்தப் படங்களைப் பார்த்துச் செய்யும் கூத்தும் ஒரு தனி நாவலுக்குக் காணும். வாருங்கள், முன்வாசலை விட்டுவிட்டுப் பின்கட்டு வழியாக உள்ளே போவோம்.

லேபிள் ஒட்டாமல் எதுவும் வெளியே போகாது

உள்ளே நுழைந்ததும் முதலில் அசர வைப்பது ஒழுங்கு. ஆமாம், ஒழுங்கு! ஒரு கதை வெளிவருமுன் அதன் நெற்றியில் எத்தனை சீட்டு ஒட்டுகிறார்கள் தெரியுமா? எந்த மூலக் கதை, எந்த மாந்தர்கள், யாருக்கும் யாருக்கும் காதல், எந்த வயதினர் வாசிக்கலாம், மரணம் வருமா, வன்முறை வருமா, எல்லாம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். மனசை இளக்கும் இனிப்புக் கதை என்றால் ‘ஃபிளஃப்’. அழவைக்கும் என்றால் ‘ஆங்ஸ்ட்’. பாத்திரங்களை வேறொரு உலகத்துக்கு இடம்பெயர்த்தால், உதாரணத்துக்குச் சோழ இளவரசனைக் கொழும்பில் பேருந்து நடத்துனர் ஆக்கினால், அது ‘ஏயு’. மூல ஆசிரியர் சொன்னது ‘கேனன்’. ரசிகர் மனசுக்குள் முடிவுகட்டி வைத்திருப்பது ‘ஹெட்கேனன்’. அச்சுப் புத்தகக் கடையில் இவ்வளவு விபரம் அட்டையில் கிடைக்குமா?

உலகின் மிகப் பெரிய ரசிகப் புனைவுக் களஞ்சியங்களில் ஒன்றான ‘ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்’, ரசிகர்களே 2007இல் தொடங்கிய ஓர் இலாப நோக்கற்ற அமைப்பின் பிள்ளை. 2009 நவம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. அங்கே ‘டேக் ராங்க்ளர்’ என்று ஒரு தொண்டர் படையே இருக்கிறது. ஒரே பாத்திரத்தின் பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதிவைப்பார்கள் அல்லவா? அவற்றையெல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, தேடுகிற வாசகர் கையில் எல்லாக் கதையும் அகப்படும்படி செய்வதுதான் இவர்கள் வேலை. நூலகர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலையை இவர்கள் ஆசைக்காகச் செய்கிறார்கள்.

அடுத்த அறையில் ‘பீட்டா’ உட்கார்ந்திருப்பார். எழுதியவரின் பிரதியை வெளியிடுமுன் வாசித்து, “மூன்றாம் அத்தியாயத்தில் கையில் காயம், நான்கில் அதே கையால் வாள் வீசுகிறானே?” என்று மடக்குகிறவர். பதிப்பகத்துச் செம்மையாளரின் அதே வேலை, அதே கண்டிப்பு. அதற்கும் அடுத்த அறையில் பரிசுப் பொதிகள். 2003இலிருந்து ‘யூல்டைட்’ என்றொரு பரிமாற்றம் நடக்கிறது. அதிகம் பேர் எழுதாத, மறந்துபோன நூல்களுக்கும் படங்களுக்கும் உரிய திருவிழா. முன்பின் தெரியாத ஒருவர் ஆசைப்பட்ட கதையைக் குறைந்தது 1,000 சொல்லில் எழுதிக் கொடுக்க வேண்டும். டிசம்பர் 25 அன்று கதை வாசகர் கைக்கு வரும். எழுதியவர் யார் என்பது மட்டும் புத்தாண்டு வரை இரகசியம்! அந்த ஒரு வாரம் முழுக்க எல்லோரும் எல்லோருடைய நடையையும் துருவித் துருவி, “இது அவருடைய கைதான்” என்று துப்பறிந்துகொண்டிருப்பார்கள். நடை பற்றிய இத்தனை உற்சாகமான பாடம் எந்த வகுப்பறையில் நடக்கிறது?

நம் தமிழ்ப் பக்கத்துக்கு வந்தால் கொண்டாட்டம் இன்னும் சூடு. வாட்பேடிலும் பிரதிலிபியிலும் தொடராக வரும் கதைகளுக்குக் கீழே எட்டிப் பாருங்கள். ஓர் அத்தியாயத்துக்கு ‘எபி’ என்று பேர். புதிய அத்தியாயம் வந்தால் அது ‘யூடி’. “அடுத்த யூடி எப்போ?” என்பது அங்கே கேள்வி மட்டுமா? அதுவே பாராட்டு, அதுவே அன்பு, அதுவே செல்ல மிரட்டல். வாசித்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போகிறவர்கள் ‘சைலன்ட் ரீடர்’. அவர்களை வாய்திறக்க வைக்க எழுதுகிறவர்கள் போடும் கெஞ்சலும் கொஞ்சலும் தனி இலக்கியம். பரீட்சை வந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல், மின்வெட்டு, எதுவானாலும் அத்தியாயத்தின் தலையில் குறிப்பாக ஏறிவிடும். வாசகர்கள் அதற்கும் பதில் எழுதுவார்கள். “பிள்ளையைப் பாருங்க அக்கா, நாங்க காத்திருக்கிறோம்.” எழுதுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் நடுவே இத்தனை நெருக்கம் இருந்த இன்னோர் இடம், கூத்துக் களரி ஒன்றுதான்.

வெளியே தொங்கும் படங்கள்

இப்போது வாசலுக்கு வந்து, வெளியே மாட்டியிருக்கும் படங்களைப் பார்ப்போம். பின்கட்டுக்காரர்கள் இவற்றைப் பார்த்து என்ன செய்தார்கள் என்பதில்தான் சுவாரசியம்.

முதல் படம் 1986 டிசம்பரில் வரைந்தது. ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் விண்கப்பல் தலைவனாக நடித்த வில்லியம் ஷாட்னர், ‘சட்டர்டே நைட் லைவ்’ என்ற அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியில் ஒரு ரசிகர் மாநாட்டு மேடையில் நிற்பது போல் ஒரு காட்சி. எதிரே அசட்டுச் சிரிப்போடு ரசிகர்கள். போய் வாழ்க்கையைப் பாருங்கள், இது வெறும் தொலைக்காட்சித் தொடர் என்று அவர் வெடிக்கிறார். அரங்கம் சிரித்தது. ஆனால் ஹென்றி ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளர், தானும் ஒரு ரசிகர் என்பதை மறைக்காமல், 1992இல் ‘டெக்ஸ்சுவல் போச்சர்ஸ்’ என்ற நூலை எழுதினார். நூல் தொடங்குவதே அந்தப் பகிடிக் காட்சியிலிருந்துதான்! அந்த அசட்டு ரசிகருக்குப் பின்னால் இருக்கும் நிஜ ரசிகர் என்ன வாசிக்கிறார், என்ன எழுதுகிறார், எப்படித் தர்க்கம் செய்கிறார் என்று அடுக்கிக்கொண்டே போனார். ரசிகர் ஆய்வு என்று இன்று பல்கலைக்கழகங்களில் இருக்கும் துறைக்கு அடித்தளமான நூல்களில் அதுவும் ஒன்று.

அதற்கும் முந்திய காலத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1967இல் நியூயோர்க்கில் ‘ஸ்பொக்கனேலியா’ என்ற ரசிகர் இதழ் வந்தது. ‘ஸ்டார் டிரெக்’ ரசிகர்களுக்கென்றே வந்த முதல் இதழ் அது. நம் ஊர்ச் சிற்றிதழ்க்காரர்கள் ரோனியோவில் உருட்டிய அதே மாதிரிப் படியெடுப்பு, கையால் அடுக்கிய பக்கங்கள், பெண்கள் இருவர் ஆசிரியர்கள். அந்தத் தொடரில் ஸ்பொக் என்ற பாத்திரமாக நடித்த லெனார்ட் நிமோய் அந்த முதல் இதழுக்கே கடிதம் எழுதினார். நடித்தவர் ஒருவர் மேடையில் ரசிகர்களைத் திட்டும் காட்சியைத் தொலைக்காட்சி எழுதிக் காட்டுவதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பே, நடித்தவர் ஒருவர் கடிதம் எழுதி வாழ்த்தியிருக்கிறார்!

இரண்டாவது படம் நெஞ்சில் தைத்தது. 2013 டிசம்பரில் இலண்டனில் ‘ஷெர்லொக்’ தொடரின் முன்னோட்டத் திரையிடல். மேடையில் பெனடிக்ட் கம்பர்பாட்சும் மார்ட்டின் ஃப்ரீமனும். நிகழ்ச்சியை நடத்திய பத்திரிகையாளர், ஒரு ரசிகை எழுதிய அந்தரங்கமான ஷெர்லொக் - வாட்சன் காதல் கதையிலிருந்து ஒரு பகுதியைக் கையில் கொடுத்து அவர்களையே உரக்க வாசிக்கச் சொன்னார். எழுதியவரிடம் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. நடிகர்களே நெளிந்தார்கள். இரவோடிரவாக ரசிகைகள் பொங்கினார்கள். அவர்கள் கோபம் எதன்மேல் என்று கவனியுங்கள். கதை மோசம் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள். பின்கட்டில் அதைவிடக் கடுமையான விமர்சனம் தினமும் நடக்கிறது. தோழிகளுக்குள் பகிரவென்று, மேலே எச்சரிக்கைச் சீட்டெல்லாம் ஒட்டி எழுதிய ஒன்றை, சீட்டைக் கிழித்துவிட்டு, நடுவே ஒரு துண்டை வெட்டி, சிரிப்பதற்கென்றே கூடிய கூட்டத்தின் முன் வீசியதுதான் சுட்டது.

மூன்றாவது படம் அச்சுக்காரர்கள் வரைந்தது. ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ நாவல் ‘ட்வைலைட்’ கதையின் ரசிகப் புனைவாகத் தொடங்கியது என்று தெரிந்ததும், பத்திரிகைகள் பலவற்றுக்கு ரசிகப் புனைவென்றால் படுக்கையறை என்று ஆகிவிட்டது. படுக்கையறைக் கதைகள் உண்டுதான். ஒளிவுமறைவில்லாமல் முகப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். ரசிகப் புனைவுக் களஞ்சியங்களில் தாய்க்கும் மகளுக்கும் நடுவே நடந்த சமாதானமும், போருக்குப் பின் உறக்கம் வராத வீரனின் இரவும், இரண்டு தோழர்கள் சமைத்துச் சாப்பிடுவது தவிர வேறொன்றும் நடக்காத நீண்ட அத்தியாயமும் குவிந்து கிடக்கின்றன. அந்தச் சமையல் அத்தியாயத்துக்கு விழுந்தடித்துக்கொண்டு வாசகர் வருவார்கள், நம்புங்கள்!

நான்காவது படம் அச்சமூட்டுவது. 2020 பெப்ரவரியில், சீன நடிகர் ஷாவ் ஜானை ஒரு கதை இழிவுபடுத்திவிட்டது என்று அவருடைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். 29ஆம் திகதி ‘ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்’ களஞ்சியம் முழுவதும் சீனாவில் திறக்க முடியாமல் போனது. வாசகர்கள் சும்மா இருந்தார்களா? அந்த நடிகர் விளம்பரம் செய்த பொருட்களை வாங்க மாட்டோம் என்று கிளம்பிவிட்டார்கள். வாசிப்பதற்கு ஓர் இடம் போனால் இத்தனை பேர் கொதிப்பார்கள் என்று யார் எதிர்பார்த்தது?

பகிடி தெரியாதவர்களா?

ரசிகர்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை, தங்களைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாது என்றும் சொல்வார்கள். அடடா, அதைக் கேட்டால் பின்கட்டு முழுக்கச் சிரிப்பலை! ‘மேரி சூ’ என்ற பேரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அழகு, அறிவு, வீரம் மூன்றிலும் குறையே இல்லாமல் வந்து, விண்கப்பலில் எல்லோரையும் மயக்கி, எல்லோரையும் காப்பாற்றி, எல்லோரையும் அழவைத்துச் செத்தும் போகிற இளம்பெண். இன்று திரைப்பட விமர்சகர்கள் பெரிய கண்டுபிடிப்பு போல் வீசும் இந்தப் பேரை உண்டாக்கியவர் போலா ஸ்மித் என்ற ரசிகை. ‘ஸ்டார் டிரெக்’ ரசிகர் இதழ் ஒன்றில், 1973இல், ரசிகர் கதைகளையே நையாண்டி செய்து எழுதிய குட்டிக் கதையில் வந்தவள் அவள். வெளியாட்கள் கிண்டலுக்குப் பிடித்துக்கொண்ட ஆயுதமே உள்ளே வார்த்தது!

‘சூப்பர்நேச்சுரல்’ என்ற அமெரிக்கத் தொடரும் இதற்கு நல்ல சாட்சி. 2009இல் அதன் நாயகர்கள், தங்களைப் பற்றியே ரசிகர்கள் கதை எழுதுவதைக் கண்டு முகம் சுளிப்பது போல் ஓர் அத்தியாயம் வந்தது. 2014இல் தொடரின் 200ஆவது அத்தியாயத்தில் ஒரு பெண்கள் பாடசாலை மாணவிகள் அதே நாயகர்களின் கதையைப் பாட்டும் கூத்துமாக மேடையேற்றுகிறார்கள். நிஜ நாயகன் முதலில் எரிந்து விழுகிறான். கடைசியில், இது உங்கள் கதை, உங்கள் மாதிரியே நடத்துங்கள் என்று விட்டுக்கொடுக்கிறான். ரசிகர்கள் பலர் உருகிப்போனார்கள். இரண்டு அத்தியாயத்திலும் பகிடி இருந்தது. இரண்டாவதை எழுதியவர்கள் ஒரு ரசிகை எதற்காக எழுதுகிறாள் என்று யோசித்திருந்தார்கள். அந்த யோசனை தெரிந்தால் போதும், எந்தப் பகிடிக்கும் பின்கட்டு சிரிக்கும்.

பழையாறையிலிருந்து தம்புள்ளை வரை

சரி, எல்லாம் வெள்ளைக்காரர் பழக்கம் என்று நினைத்தீர்களோ? ‘பொன்னியின் செல்வன்’ வீட்டுக்குள் வாருங்கள்!

1950 ஒக்டோபரிலிருந்து 1954 மே வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்த கதை. அதை எழுதிய கல்கி, ஓவியர் மணியத்தோடு இலங்கைக்கே வந்து இடங்களைப் பார்த்தார். அவர் தம்பள்ளை என்று எழுதிய ஊர் எங்கள் மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளைதான் என்று இங்கே பாடசாலைப் பிள்ளைக்கும் பெருமை. கதை முடிந்ததும் என்ன நடந்தது? திடீரென்று முடித்துவிட்டீர்களே, இவருக்கு என்ன ஆயிற்று, அவளுக்கு என்ன ஆயிற்று என்று வாசகர் கடிதங்கள் குவிந்தன. கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பிற்காலத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. வாசகர் நச்சரிப்புக்கு ஆசிரியர் பணிந்து எழுதிய அந்தப் பக்கங்களை இன்றைக்கும் நாவலின் கடைசியில் பார்க்கலாம். எழுபது வருடத்துக்கு முந்தைய யூடி கேட்பு!

அதோடு அடங்கினார்களா? விக்கிரமன், ‘அமுதசுரபி’யின் ஆசிரியராகப் பல்லாண்டு இருந்தவர், அதே குந்தவையையும் வந்தியத்தேவனையும் எடுத்துக்கொண்டு ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். பிறகு அனுஷா வெங்கடேஷ் ‘காவிரி மைந்தன்’ எழுதினார். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானதால் கதையின் கதவுக்குப் பூட்டும் இல்லை. வந்தியத்தேவன் மடியில் உயிர்விடும் மணிமேகலையைக் காப்பாற்றத் துடிக்காத வாசகர் யார்? நந்தினி குதிரையில் ஏறிப் போனாளே, எங்கே போனாள் என்று யோசிக்காத இரவு யாருக்கு உண்டு?

இந்த வாசகர்கள் கனவில் மிதப்பதோடு நின்றிருந்தால், வேலை வெட்டி இல்லாதவர்கள் என்ற பேச்சுக்காவது கொஞ்சம் இடம் இருக்கும். ஆனால் நாவலில் கொல்லப்படும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்ற கேள்வி அவர்களை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்: காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டுக்கு! இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறித்து, அவர்கள் உறவினரின் நிலத்தைப் பறித்த செய்தியைச் சொல்கிறது. நாவலில் பயந்து பயந்து வாசித்த இரவிதாசன் கல்லிலேயே இருக்கிறான்! அந்தக் கணத்தின் சிலிர்ப்புக்காகப் பேருந்து ஏறிப் போகிறவர்கள் உண்டு. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியை எடுத்து வைத்துச் சண்டை பிடிக்கிறவர்கள் உண்டு. ஒரு ரசிகர் கேள்வி, வரலாற்று ஆய்வின் வாசல் வரை கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறது.

2022 செப்டம்பர் 30இல் மணிரத்னத்தின் முதல் பாகமும் 2023 ஏப்ரல் 28இல் இரண்டாம் பாகமும் திரைக்கு வந்தபோது பின்கட்டு மறுபடி தீபாவளி. சேந்தன் அமுதனின் இரகசியத்தைப் படம் விட்டுவிட்டது என்று ஒரு பக்கம் சோகம். (இன்னும் வாசிக்காதவர்களுக்காக அதை உடைக்க மாட்டேன்!) ஐஸ்வர்யா ராய்க்கு இரண்டு வேடம் என்று மறுபக்கம் ஆனந்தம். ஒன்றை மட்டும் எல்லோரும் யோசிக்க வேண்டும். கோடிக்கணக்கில் செலவிட்டு ஓர் இயக்குநர் கல்கியின் முடிவை மாற்றினால் அதற்குத் தழுவல் என்று மரியாதையான பேர். ஒரு பெண் இரவில் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுக் கைபேசியில் அதே முடிவை மாற்றினால் பொழுதுபோக்கு, பைத்தியம் என்று பேர். செய்கிற வேலை ஒன்றே. இரண்டுக்கும் ஒரே மரியாதையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

கம்பரும் ஒரு குறிப்பு எழுதினார்

இன்னும் உள்ளே, இன்னும் பழைய அறை. வில்லை முறிப்பதற்கு முன்பே இராமனும் சீதையும் மிதிலையில் ஒருவரை ஒருவர் கண்டு மயங்கும் காட்சி வால்மீகியில் இல்லை. கம்பர் சேர்த்தது. ரசிகப் புனைவில் இதற்கு ‘விடுபட்ட காட்சி’ என்று ஒரு வகையே உண்டு! வால்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரின் இராவணன் பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்து எடுக்கிறான். இரணியன் வதைப் படலம் முழுக்கக் கம்பர் கொண்டுவந்தது. திருவரங்கத்தில் அரங்கேற்றியபோது இரணியன் பகுதிக்கு எதிர்ப்புக் கிளம்பியதாகவும், அங்குள்ள நரசிம்மரான மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஏற்றுக்கொண்டதாகவும் வழிவழிக் கதை உண்டு. எதிர்ப்பும் ஒப்புதலும் அன்றைக்கே! அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடிக்க வந்த பூனை என்று கம்பர் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். அத்தியாயத்தின் தலையில் பயந்துகொண்டே குறிப்பு எழுதும் ஒவ்வொரு புதுக் கைக்கும் அவர்தான் மூத்த அண்ணன்.

புதுமைப்பித்தன் அந்தப் பயத்தையும் உதறினார். 1943இல் வந்த ‘சாப விமோசனம்’ கதையில் சீதை தீயில் இறங்கியதை அறிந்த அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். இராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்ற கருத்தில் கதையின் தலையிலேயே குறிப்பு வைத்தார். புலவர் குழந்தை 1946இல் இராவணனைக் காவிய நாயகனாக்கி ‘இராவண காவியம்’ பாடினார். 1948இல் அரசு தடை செய்தது. 1971இல்தான் தடை நீங்கியது. இங்கே எங்கள் கண்டிப் பக்கம், பேராதனைப் பல்கலைக்கழகத்தில், 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் முன்நின்று கூத்துக்குப் புத்துயிர் கொடுத்தபோது, சி. மௌனகுரு எழுதிய ‘இராவணேசன்’ ஆடப்பட்டது. தோற்பதற்கென்றே பிறந்த அரக்கனாக இருந்தவன் துயர நாயகனாக மேடையில் நின்றான். மௌனகுரு பல பத்தாண்டுகள் கழித்து அதையே மறுபடி எடுத்துப் புதுக்கினார். தன் கதையைத் தானே திருத்தி மீண்டும் வெளியிடும் ஆசையும் பின்கட்டுக்குப் பழகியதுதானே!

இவர்களையெல்லாம் ரசிகர் என்று சொல்லலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். தாராளமாகச் சொல்லலாம் என்பேன். ஒரு கதையைத் தொடாமல் வணங்குகிறவர் ஒருவர்; அதில் தன் கேள்வியை நட்டுத் தண்ணீர் ஊற்றுகிறவர் இன்னொருவர். இரண்டாமவரால்தான் கதை அடுத்த தலைமுறைக்கு நடந்து வந்திருக்கிறது. லக்கலவின் மரமயிலையும் இப்படித்தான் தவறாகப் பார்க்கிறார்கள். ஒருவர் மூடநம்பிக்கை என்று சிரிக்கிறார். இன்னொருவர் பழங்கால விமானத்துக்கு ஆதாரம் என்று சத்தியம் செய்கிறார். கதை என்று தெரிந்துகொண்டே ஆசையாகச் சொல்கிறவரின் சந்தோஷம் இரண்டு பேர் கண்ணிலும் படுவதில்லை.

எழுந்து நின்ற அரங்கம்

2019 ஓகஸ்ட், டப்ளின் நகரம். உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் ஹியூகோ விருது விழா. தொடர்புடைய சிறந்த படைப்பு என்ற பிரிவில் வென்றது ‘ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்’! பெற்றுக்கொள்ள மேடையேறியவர்களில் ஒருவரான நாவலாசிரியை நவோமி நோவிக், அந்தக் களஞ்சியத்தில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று உணர்கிறவர்கள் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று கேட்டார். அரங்கின் விளக்குகள் எரிந்தன. வரிசை வரிசையாக எழுந்தார்கள். எழுதியவர்கள், வாசித்தவர்கள், பிழை திருத்தியவர்கள், பெயர்களுக்கு முடிச்சுப் போட்டவர்கள். அதுவரை 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் சேர்ந்திருந்த இடம் அது. அடுத்த நாளிலிருந்து, விருதில் எனக்கும் பல இலட்சத்தில் ஒரு பங்கு என்று உலகெங்கும் ரசிகர்கள் தங்களுக்குள் சொல்லிச் சொல்லிக் குதித்தார்கள்!

விருது கிடைத்ததால் பகிடிகள் நின்றுவிடவில்லை. ஆனால் பகிடிக்கு வரும் வெளியாட்களிடம் பின்கட்டு கேட்பது மிகக் கொஞ்சம். வெட்டிய துண்டை விட்டுவிட்டு ஒரு கதையையாவது முழுக்க வாசியுங்கள். எழுதியவர் பேரைச் சொல்லுமுன் அவரிடம் கேளுங்கள். சிரிப்பதானால் கதையைத் தெரிந்துகொண்டு சேர்ந்து சிரியுங்கள். எந்தப் புத்தக மதிப்புரைக்கும் இருக்க வேண்டிய அடிப்படை நேர்மைதான் இது.

அதற்கும் மேலே ஒரு படி போக ஆசையா? நீங்கள் நேசித்த நாவலில் எந்தச் சாவை இன்னும் மன்னிக்கவில்லை, எந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள், எந்தப் பக்கப் பாத்திரத்துக்கு ஒரு நாளாவது நல்ல நாளாக விடிந்திருக்கலாம் என்று தோன்றுகிறது? ஒரு தாளை எடுங்கள், எழுதுங்கள். இரண்டாவது பத்தியிலேயே கை நிற்கும். அவள் இப்படிப் பேசுவாளா, அவன் அந்தச் சொல்லைச் சொல்வானா என்று சந்தேகம் வரும். மூல நூலை மறுபடி எடுத்துப் புரட்டுவீர்கள், இதற்கு முன் ஒருநாளும் வாசிக்காத கவனத்தோடு. ரசிகப் புனைவின் பின்கட்டில் நாள் முழுக்க நடப்பது அந்த வாசிப்புத்தான்!